சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

நாகர்கோவிலில் செவித்திறன் ஆய்வாளராகப் பணிபுரியும் என்னிடம் வரும் முதியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான். “சத்தம் கேக்கு மக்களே, என்ன பேசுதாவன்னுதான் மனசிலாவ மாட்டேங்கு” என்பார்கள். உடன் வந்த மகனோ மகளோ அதை ஒப்புக்கொள்வது அரிது. “வேண்டியது மட்டும் அம்மைக்கு நல்லாக் கேக்கும்” என்று பதில் வரும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் என் தொழில் நடக்கிறது. முதியவர் சொல்வது சாக்குப்போக்கு அன்று. உட்செவியில் நிகழ்ந்திருக்கும் மாற்றத்தை எந்தப் பாடநூலுக்கும் குறையாத துல்லியத்துடன் அவர் சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் கண்டதும் பொய்யன்று. ஆண்குரலில், அருகிலிருந்து, பழகிய செய்தியைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு விளங்குகிறது. பேத்தி அடுக்களையிலிருந்து மெல்லிய குரலில் புதிதாக ஒன்றைக் கேட்டால் விளங்குவதில்லை. அதை வீம்பு என்று வீட்டார் எடுத்துக்கொள்வதால் எத்தனையோ முதியவர்கள் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது.

ஒலிபுகா அறையில் அவர்களை அமர்த்தி, காதில் ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலி எது என்று குறித்துக்கொள்வோம். அப்படி வரையும் ஆடியோகிராம், முதுமையால் செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சாயலில் அமைகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு இயல்பை ஒட்டியே செல்லும். 2000 ஹெர்ட்ஸுக்கு அப்பால் சரிந்து இறங்கும். இதன் காரணம் உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அமைப்பில் உள்ளது. அதனுள் நீளவாக்கில் ஓடும் மென்சவ்வு, நுழைவாயிலை ஒட்டிய அடிப்பகுதியில் உயர்ந்த அதிர்வெண்களுக்கும், சுருளின் உச்சியில் தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் அதிர்கிறது. அந்த அதிர்வு அலை எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் வான் பெக்கெஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் அமைந்த நுண்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மட்டுமே. அவற்றில் உள்வரிசையிலுள்ள 3,500 அளவிலானவை செய்தியை நரம்புக்கு அனுப்புகின்றன; வெளிவரிசையிலுள்ள 12,000 அளவிலானவை மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. வயதாலும் இரைச்சலாலும் முதலில் சேதமடைபவை அடிப்பகுதியிலுள்ள செல்களே. மனிதர்களில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

இந்தச் சரிவு பேச்சை என்ன செய்கிறது என்பதை வீட்டாருக்குப் புரியவைக்க நான் தமிழ்ச் சொற்களையே பயன்படுத்துகிறேன். உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பேச்சு உரக்க ஒலிப்பது அவற்றால்தான். மெய்யெழுத்துகளை, அதிலும் வல்லினத்தை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் தடயங்களோ மெலிந்தவை, மிகக் குறுகியவை, பெரும்பகுதி உயர்ந்த அதிர்வெண்களில் கிடப்பவை. ‘பாக்கு’ என்று சொன்னாலும் ‘பாட்டு’ என்று சொன்னாலும் ‘பாத்து’ என்று சொன்னாலும் அந்த முதியவரின் காதில் ஆகாரமும் உகரமும் முழுமையாக விழுகின்றன. நடுவில் நின்ற மெய் எது என்பதுதான் விழுவதில்லை. ஆகவே சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை என்று அவர் சொல்வதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் வீட்டார், இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று முடிவுகட்டுகிறார்கள். அது உதவுவதில்லை. தொண்டையைத் திறந்து கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெரிதாகின்றன. மெய்கள் அந்த அளவுக்கு வளர்வதில்லை. போதாக்குறைக்கு, வெளிவரிசைச் செல்களை இழந்த காதில் மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் குறுகிவிடுகிறது. “கொஞ்சம் உரக்கப் பேசு” என்று கேட்ட அதே அம்மா, மகன் குரலை உயர்த்திய மறுகணம் “ஏன்டே சத்தம் போடுக?” என்று கோபிப்பதற்குக் காரணம் இதுதான். இருவருக்கும் மனம் புண்படுகிறது, இருவர்மேலும் குற்றமில்லை. முகத்துக்கு நேராக அமர்ந்து, வழக்கமான குரலில், சொல்லுக்குச் சொல் சற்று இடைவெளி விட்டுப் பேசுவதே போதும் என்று நான் சொல்லும்போது, இவ்வளவு எளிய யோசனைக்கா இத்தனை தூரம் வந்தோம் என்ற ஏமாற்றம் சிலர் முகத்தில் தெரியும்.

தமிழைக் கேட்பதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. ‘பாடு’ என்பதையும் ‘பாட்டு’ என்பதையும் வேறுபடுத்துவது பெருமளவு ஓர் அமைதிதான். இரட்டித்த டகரத்தைச் சொல்ல நாக்கு மேலண்ணத்தை அடைத்து நிற்கும் அந்தச் சிறுபொழுதில், வாயிலிருந்து ஒலியே வெளிவருவதில்லை. விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீளும் அந்த வெறுமையைத்தான் நாம் ஒற்றெழுத்தாகக் கேட்கிறோம். எதிரொலி மிகுந்த கூடத்தில் அந்த வெறுமை வெறுமையாக இருப்பதில்லை. முந்தைய உயிரொலியின் எதிரொலி அதற்குள் வழிந்து நிரம்பிவிடுகிறது. நம் மாவட்டத்தின் உயர்ந்த கூரை கொண்ட பழைய தேவாலயங்களிலும், ஓடு பதித்த கல்யாண மண்டபங்களிலும் “பிரசங்கம் ஒண்ணும் விளங்கல்ல” என்று சொல்பவர்களில் நல்ல செவித்திறன் உடையவர்களும் இருப்பது இதனால்தான். சுசீந்திரம் கோவிலின் இசைத் தூண்களைத் தட்டக் கேட்டவர்களுக்கு, கல்மண்டபத்தில் நாதம் எவ்வளவு நேரம் நின்று கரைகிறது என்பது தெரியும். இசைக்கு அந்த நீட்சி அழகு. பேச்சுக்கு அது பகை. ஒலிபெருக்கியின் ஒலியளவை இன்னும் கூட்டுவதால் எதிரொலியும் உடன் கூடுமே தவிர, ஒற்று மீண்டு வராது. சிறிய ஒலிபெருக்கிகளை மக்களுக்கு அருகில் பல இடங்களில் வைத்து, குறைந்த ஒலியளவில் இயக்குவதே பயன் தரும்.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் ஆண்களின் ஆடியோகிராமில் வேறொரு வடிவத்தைக் காண்கிறேன். வள்ளத்தின் பின்புறம் வெளியே பொருத்தும் எஞ்சினுக்கு அருகே அமர்ந்து அதை ஓட்டியவர்கள், கல்லுடைக்கும் கிரஷர்களில் வேலை செய்தவர்கள் ஆகியோரிடம் 4000 ஹெர்ட்ஸில் கோடு ஒரு பள்ளமாக இறங்கி, 8000-இல் ஓரளவு மீண்டு ஏறுகிறது. நம் செவிக்குழலின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்தின் காரணமாக அது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கிவிடுகிறது. பெருத்த இரைச்சல் தொடர்ந்து தாக்கும்போது சேதம் அதற்குச் சற்று மேலே விழுகிறது. குளச்சல் பகுதியிலிருந்து வந்த நடுவயது மீனவர் ஒருவர், காதுக்குள் ஓயாமல் சீவிடு (சில்வண்டு) கத்துவதாகச் சொல்லித்தான் வந்தார். செவித்திறன் குறைந்திருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் சில மணி நேரம் காது அடைத்திருப்பது கடலில் எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார். அந்த அடைப்பு ஒவ்வொரு முறையும் விலகிவிடுவதால்தான் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பான்களைப் பற்றி அவரிடம் சொன்னபோது, பக்கத்தில் வரும் படகின் சத்தமும் கூட்டாளியின் குரலும் கேட்காமல் போனால் உயிருக்கே ஆபத்தல்லவா என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் அணிந்து, வலை இறக்கும்போது கழற்றிவிடலாம் என்ற ஏற்பாட்டுக்கு இருவரும் வந்தோம்.

இதுவரை சொன்னது காதின் கதை. காது கொண்டுவந்து சேர்ப்பதை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. விடுபட்டதைத் தானே இட்டு நிரப்புகிறது. ரிச்சர்ட் வாரன் 1970-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாக்கியத்தின் சொல்லொன்றில் ஓர் ஒலியை முழுமையாக வெட்டியெடுத்து அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்கள் சொல் முழுமையாகவே ஒலித்ததாகக் கூறினார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூட அவர்களால் சரியாகக் காட்ட இயலவில்லை. 1976-இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும், காதுக்கு ஒரு மெய்யையும் கண்ணுக்கு வேறொரு மெய்யைச் சொல்லும் உதடுகளையும் கொடுத்தபோது, கேட்டவர்களில் பலர் இரண்டும் அல்லாத மூன்றாவது மெய்யைக் கேட்டார்கள். இவற்றை நான் பாடமாகப் படித்தவள்தான். ஆனாலும் அவற்றின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது, வளைகுடாவில் செவிலியராக இருக்கும் மகள்களைப் பற்றி இங்குள்ள தாய்மார்கள் பேசக் கேட்டபோதுதான். சாதாரண அழைப்பில் மகள் சொல்வது பாதி விளங்குவதில்லை, வீடியோ காலில் எல்லாம் விளங்குகிறது என்பார்கள். பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். அதற்கு மேலுள்ள மெய்களின் கூர்மை வழியிலேயே கழிந்துவிடும். வீடியோ காலில் உதடும் தெரிகிறது, முகக்குறிப்பும் தெரிகிறது. கொரோனா காலத்தில் எல்லாரும் முகக்கவசம் அணிந்தபோது தங்கள் குறையை முதன்முறையாக உணர்ந்து வந்த முதியவர்கள் பலர். அதுவரை அவர்கள் தங்களை அறியாமலே உதடுகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மூளை இட்டு நிரப்புவது தான் அறிந்த மொழியைக் கொண்டுதான். இதனால் குமரி மாவட்டத்தில் எங்கள் சோதனைக்கே ஒரு சிக்கல் உண்டு. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்க, தரப்படுத்திய சொற்பட்டியலைப் படித்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. விளவங்கோடு பகுதியில் வீட்டில் மலையாளமும், அதனோடு கலந்த தமிழும் பேசி வாழ்ந்தவர்கள் இன்றும் வருகிறார்கள். எழுத்துத் தமிழ்ச் சொற்களை நான் படிக்கும்போது தடுமாறும் பாட்டி ஒருவர், வெள்ளம் (தண்ணீர்), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாயா (தேநீர்) என்று அவர் வீட்டில் புழங்கும் சொற்களை அதே ஒலியளவில் சொன்னால் தயங்காமல் திருப்பிச் சொல்கிறார். காது மாறவில்லை, மூளைக்குக் கிடைத்த உதவி மாறியது. தரப்படுத்திய பட்டியலின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இவருக்குக் காது மெஷின் பயன்படாது என்று எழுதிவிடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன். இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியே குறித்து வைக்கிறேன்.

ஒலி கேட்பதற்கும் பேச்சு விளங்குவதற்கும் உள்ள இந்த வேறுபாடு குழந்தைகளிடம் இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. பிறந்த குழந்தையின் காதுக்குள் மெல்லிய ஒலியைச் செலுத்தினால், நலமான வெளிவரிசைச் செல்கள் ஒரு நுண்ணொலியைத் திருப்பி அனுப்புகின்றன. டேவிட் கெம்ப் 1978-இல் கண்டறிந்த இந்த ஒலியைத்தான் ஓஏஇ சோதனையில் பதிவு செய்கிறோம். சில குழந்தைகள் இதில் தேறிவிடுகிறார்கள். ஆயினும் பேச்சு வருவதில்லை. நரம்பின் வழியே செய்தி செல்வதைக் காட்டும் பெரா சோதனையில் அலைகளே தோன்றுவதில்லை. பிறந்த உடன் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளிடம் இதைக் காண நேர்கிறது. ஒலி உள்ளே போகிறது. ஆனால் நரம்பிழைகள் ஒரே காலத்தில் சேர்ந்து துடிக்காததால், ஒலி எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்ற காலக்கணக்கு சிதறிவிடுகிறது. கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்குக் காதில் குறை இருக்கிறது என்று சொன்னால் எந்தத் தாய்தான் நம்புவாள்? அந்தத் தாயிடம் பொறுமையாகப் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் தகும். ஏனெனில் இங்கே காலம்தான் மருந்து. முதல் மாதத்தில் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறி. முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே குழந்தையின் மூளை தன் மொழியின் ஒலிகளுக்கு ஏற்பக் கேட்கும் முறையைச் செதுக்கிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, செவிநரம்பை மின்துடிப்புகளால் தூண்டும் கருவியை உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. பெரிய அண்ணன் நாலு வயசில்தான் பேசினான், இவனும் பேசுவான் என்று காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

முதியவர்களுக்குக் காது மெஷின் பொருத்திய பிறகும் வேலை முடிவதில்லை. பல ஆண்டுகளாக உயர்ந்த அதிர்வெண்களைக் கேளாமல் பழகிய மூளைக்கு, மின்விசிறியின் இரைச்சலும் பாத்திரம் மோதும் சத்தமும் பாலித்தீன் பையின் சரசரப்பும் பேச்சோடு ஒன்றாக வந்து விழுகின்றன. எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று அது மறுபடியும் கற்கச் சில வாரங்கள் ஆகும். முதல் நாளே வடசேரி சந்தைக்கு அணிந்து சென்று, அன்று மாலையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டவர்கள் அநேகம். அதனால் முதலில் வீட்டில் ஒருவரோடு பேசும்போது மட்டும் அணியச் சொல்கிறேன். பிறகு இருவரோடு, பிறகு திண்ணையில், கடைசியில் சந்தையிலும் திருவிழாவிலும்.

அவர்களை அனுப்பும் முன் வீட்டாரையும் அமர்த்தி ஒரு பயிற்சி செய்கிறேன். மகன் ஓர் அடி தூரத்தில் அமர்ந்து வழக்கமான குரலில் ஐந்தாறு வாக்கியங்களை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து அவற்றைப் போன்ற வேறு வாக்கியங்களை முகத்தைத் திருப்பிக்கொண்டு. மூன்றாவதாக மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அறையின் மறுமூலையிலிருந்து. ஒவ்வொரு முறையும் தாய் திருப்பிச் சொல்வதை மகனே தாளில் குறித்துக்கொள்வார். முதல் முறையில் நிரம்பிக் கிடக்கும் சரிக்குறிகள் மூன்றாவதில் அருகிப்போவதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் மகனிடம், அதன்பின் நான் விளக்கிச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. வீட்டில் அம்மாவின் நாற்காலியை எந்தச் சுவரோரம் போடலாம், டிவியை எவ்வளவு குறைக்கலாம் என்று அவராகவே கேட்கத் தொடங்குகிறார்.