ஒற்றை விரல்

மார்ச் 4
புது ஊசி கொண்டுவரும் கூரியர் வரவில்லை. ரெக்கார்டு பிளேயரில் தேய்ந்த ஊசியை வைத்து எதையும் ஓட்டப்போவதில்லை.

மார்ச் 5
45-களை, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன இசைத்தட்டுகளை, பிரித்தாயிற்று. வினைல் ஒரு பக்கம், ஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஒரு பக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விளிம்பை நகத்தால் சுண்டினால் வினைல் மந்தமாகக் கேட்கும், ஸ்டைரீன் 'டிக்'கென்று தெறிக்கும். எடையும் குறைவு, வளையாது, உடையும். ஊசி சரியில்லையென்றால் முதலில் சாவது இதுதான். 'ஸ' வரும் இடமெல்லாம் சீறும், கழுவினாலும் போகாது. ஆல்கஹால் காட்டவே கூடாது. ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கடைசியில் வெறும் தண்ணீர். லேபிள் நனையக்கூடாது.

மார்ச் 6
ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையாம்.

மார்ச் 7
வெள்ளிக்கிழமை. ஒன்றும் இல்லை.

ஜேம்ஸ் ஜேமர்சன், டெட்ராயிட்டின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனியில் பேஸ் கிதார் வாசித்தவர். 1962 ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ், கனமான ஃபிளாட்வவுண்ட் (மேலே வழவழப்பான) தந்தி, அறுந்தாலொழிய மாற்றமாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். பிரிட்ஜ் மூடிக்கடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், அதனால் சுரம் இழுபடாமல் 'தும்'மென்று விழுந்து நிற்கும். இதைக் கேட்க ஆம்ப்பில் பேஸ் குமிழை ஏற்றுகிறார்கள். ஏறுவது டர்ன்டேபிளின் உறுமல்தான்.

மார்ச் 9
அறுபதுகளின் டெட்ராயிட் சிங்கிள்கள் பெரும்பாலும் மோனோ, இடது வலது இரண்டிலும் ஒரே ஒலி. தட்டின் பள்ளத்தில் இசை இடவலமாக மட்டுமே ஓடும். ஊசி பொருந்தும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் படிக்கும். அங்கே இருப்பது தூசியும் தேய்மானமும். மோனோ பொத்தானை அமுக்கினால் அந்தக் கரகரப்பில் பெரும்பகுதி தனக்குள்ளேயே கழிந்துவிடும். பொத்தான் இல்லையா, இரண்டு ஒய் கேபிள் போதும்: இடமும் வலமும் ஒன்றாகி, மறுபடி பிரிந்து ஆம்ப்பில் டர்ன்டேபிள் சேரும் ஃபோனோ இன்புட்டுக்கு. மோடவுனில் கார் ரேடியோ மாதிரிச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துத்தான் மிக்ஸை முடிவு செய்வார்கள். அதே பாட்டின் ஸ்டீரியோ மிக்ஸில் டிரம் ஒரு மூலை, குரல் ஒரு மூலை. எனக்கு ஆகாது.

மார்ச் 10
அந்த ஒற்றை விரலுக்குரியவர் பெயர் ஆல்பம் உறையில் ஏறியது 1971-இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோது. அதற்குள் எத்தனை ஹிட்!

மார்ச் 12
ஊசி வந்துவிட்டது. 2 கிராம் எடை, தராசில் பார்த்தே வைத்தேன். ஆனால் பியானோவின் சுரம் ஊஞ்சலாடுகிறது. 45-இன் நடுவிலுள்ள 38 மில்லிமீட்டர் ஓட்டையில், அதை அடைக்கும் வட்டமான அடாப்டர் லொடலொடக்கிறது, தட்டு மையம் தப்பிச் சுற்றுகிறது. அடாப்டரைச் சுற்றி ஒரு சுற்று செலோடேப். ஆட்டம் பாதி குறைந்தது. இன்னொரு சுற்று