வைஸ்மன் வளராததற்கு யார் பொறுப்பு?

அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வின் 2020 புதுமுக வீரர் தேர்வில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி இரண்டாவதாக எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் எதிர்பார்த்தபடி வளராமல் போனதற்குப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்தான் காரணம் என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கல்லூரியில் மூன்றே ஆட்டங்கள் ஆடிவிட்டு வந்த 19 வயது இளைஞரை, பந்து கைக்கு வருமுன்பே அடுத்த நகர்வை ஊகித்து ஓட வேண்டிய, அணியின் நட்சத்திர வீரர் ஸ்டெஃப் கரியைச் சுற்றிப் பல ஆண்டுகளாகப் பின்னப்பட்ட ஆட்டமுறைக்குள் இறக்கிவிட்டு, தவறு செய்தவுடன் வெளியே உட்கார வைத்தால், அவர் எங்கே கற்றுக்கொள்வார்? முழங்கால் காயம் வேறு 2021-22 பருவம் முழுவதையும் விழுங்கிவிட்டது. அது யார் கணக்கிலும் சேராது.

ஆனால் 2019 தேர்வில் 28-ஆவதாக வந்த ஜோர்டன் பூலும் இதே கெர்ரிடம்தான் இருந்தார். முதல் பருவத்தில் அவர் எறிந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குதான் கூடையில் விழுந்தது. 2021-இல் இளம் வீரர்கள் பழகும் என்பிஏ-வின் கீழ்நிலைத் தொடரான ஜி லீக்குக்கு இறங்கிச் சென்று ஆடித் திரும்பியவர், 2022-இல் கோப்பை வென்ற அணியின் முக்கியப் புள்ளி சேர்ப்பாளர்களுள் ஒருவரானார். பூலுக்குக் கிடைத்த அந்த இறக்கம் வைஸ்மனுக்கு உரிய நேரத்தில், போதுமான அளவு வாய்க்கவில்லை என்பதே என் எண்ணம். ஆகவே, கோப்பையையும் வெல்ல வேண்டும், இளைஞர்களையும் ஆட வைத்தே வளர்க்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் ஆசைப்பட்டு, 2023 பிப்ரவரியில் வைஸ்மனை டெட்ராய்ட் அணிக்கு அனுப்பிவிட்ட நிர்வாகத்திடம்தான் என் முதல் கேள்வி.