காசு கட்டியவர் கைவழியே கசியும் வகுப்புகள்

குரூப் 4, நீட், ஆசிரியர் தகுதித் தேர்வு என எந்தத் தேர்வுக்குக் கட்டண வகுப்பு நடத்தினாலும், அது டெலிகிராம் சேனல்களில் கசிந்ததும், அதை நீக்க உதவும் எங்களிடம் ஆசிரியர்கள் வந்து முதலில் சொல்வது ஒன்றுதான்: "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க." பெரும்பாலும் யாரும் ஹேக் செய்திருப்பதில்லை. பணம் கட்டிச் சேர்ந்த ஒருவர் தன் லாகினை நண்பருக்குக் கொடுத்திருப்பார். அல்லது பத்துப் பேர் பணம் போட்டு ஒரே கோர்ஸை வாங்கியிருப்பார்கள். அல்லது அந்தத் திருட்டுச் சேனலை நடத்தும் ஆளே மாணவராகப் பதிவு செய்திருப்பார். கசிவு உள்ளிருந்து வருகிறது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த வேலையில் எதையும் உருப்படியாகச் செய்ய முடிகிறது.

பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டே சரியாகப் பூட்டப்படாத இடங்கள் நிறைய இருக்கின்றன. வீடியோவைச் சிறு துண்டுகளாக்கி, ஏஇஎஸ்-128 முறையில் மறையாக்கம் செய்து அனுப்புவார்கள். அதைத் திறக்கும் சாவிக்குத் தனி லிங்க் இருக்கும். அந்த லிங்கை எடுத்து, லாகின் இல்லாத இன்காக்னிடோ விண்டோவில் திறந்து பாருங்கள். 16 பைட் கொண்ட சின்னக் கோப்பு ஒன்று இறங்கினால், சாவி வாசலிலேயே தொங்குகிறது என்று அர்த்தம். சாதாரண டவுன்லோடரே மொத்த வகுப்பையும் அள்ளிவிடும். சாவி லிங்க் சில நிமிடங்களில் காலாவதியாக வேண்டும். லாகின் டோக்கன் இல்லாமல் திறக்கவும் கூடாது.

அடுத்த படி டிஆர்எம், அதாவது அனுமதி பெற்ற கருவியில் மட்டும் வீடியோ ஓடும்படி செய்யும் பூட்டு. ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் வைட்வைன், ஆப்பிளுக்கு ஃபேர்ப்ளே. வைட்வைனில் எல்1 என்பது போனின் சிப்பில் உள்ள பாதுகாப்பான பகுதியிலேயே பூட்டைத் திறக்கும். எல்3 வெறும் மென்பொருள். கம்ப்யூட்டர் குரோமில் பெரும்பாலும் எல்3 தான், அதனால் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. எல்1 இல்லாத போனுக்குத் தெளிவான படம் தர மாட்டோம் என்று சில தளங்கள் வைத்திருக்கின்றன. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 480பி என்ற குறைந்த தெளிவில், போர்டில் எழுதிய பின்னம் படிக்க முடியாது. விலை குறைந்த போனில் பார்க்கிற பிள்ளைதான் அந்த வகுப்பை மிகவும் நம்பியிருக்கும். எதிரே இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதை எந்த டிஆர்எம்மாலும் தடுக்க முடியாது எனும்போது, நேர்மையானவர்களை மட்டும் சிரமப்படுத்துவதில் நியாயமில்லை.

எங்கள் கணக்கில் பூட்டைவிடப் பெரியது, கசிந்தது யாருடைய பிரதி என்று சொல்லக்கூடிய அடையாளம். திரையில் ஓடும் வாட்டர்மார்க்கில் பலர் மாணவரின் முழு மொபைல் எண்ணையும் போடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வீடியோ கசிந்த அன்று அந்த எண் ஆயிரக்கணக்கானோர் கண்ணில் படும். லாகினைத் திருட்டுக் கொடுத்த ஒரு பெண்ணின் எண்ணாகவும் அது இருக்கலாம். ஆறு எழுத்துக் குறியீடு போதும். அது யாருடையது என்ற பேரேடு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். குறியீடு மூலையில் நின்றால் வெட்டி எடுத்துவிடுவார்கள். 20, 30 விநாடிக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். எழுத்தை மறைக்காத அளவு மங்கலாக இருக்க வேண்டும். பிரவுசரில் வீடியோவின் மேல் தனி அடுக்காகப் போட்ட வாட்டர்மார்க்கை, பக்கத்தின் உள்ளமைப்பைத் திறந்து காட்டும் இன்ஸ்பெக்ட் எலிமென்டில் ஒரே நொடியில் அழிக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த அடுக்கு காணாமல் போனால் வீடியோ நிற்கும்படி பிளேயரில் எழுத வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத முறையும் உண்டு. ஒவ்வொரு துண்டையும் ஏ, பி என இரண்டு வடிவில் தயாரித்து, ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு வரிசையில் அனுப்புவது. 20 துண்டுகள் இருந்தால் 10,48,576 வரிசைகள் கிடைக்கும். துண்டுக்கு 6 விநாடி என்றால் 2 நிமிட வீடியோவிலேயே ஆளைக் கண்டுபிடிக்கலாம். போன் கேமராவில் எடுத்த மங்கல் பிரதியில் சில துண்டுகள் தெளிவாகத் தெரியாது. அதனால் 40 நிமிட வகுப்பில் அதே வரிசை 20 முறை திரும்ப வரும்படி வைப்பார்கள். சேமிப்புச் செலவு இரட்டிப்பாகும். ஒரே ஆளாக வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு இது தேவையில்லை.

பிடிஎஃப் விஷயம் வேறு. பாஸ்வேர்டு போட்டால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை திறந்ததைப் பிரின்ட் வழியாக மறுபடி பிடிஎஃப் ஆக்கினால் பாஸ்வேர்டு போய்விடும். குறியீட்டைப் பக்கத்தின் அடியில் அல்லாமல், பாடத்தின் நடுவே வெளிறிய எழுத்தில் போடுங்கள். அதோடு 9 இடங்களில் சின்ன மாற்றத்தை ஆளுக்கு ஆள் செய்தும் செய்யாமலும் விட்டால் 512 தனிப் பிரதிகள் வரும்: இரண்டு எடுத்துக்காட்டுகளின் வரிசையை மாற்றுவது, பத்தி இடைவெளியைக் கூட்டுவது போல. இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். கண்ணி வைப்பதாக நினைத்து ஆண்டையோ பெயரையோ தப்பாகப் போடாதீர்கள். அதைப் படித்த மாணவர் தேர்வில் அப்படியே எழுதிவிட்டு வருவார்.

கசிவு தெரிந்ததும் எல்லோர் கையும் ரிப்போர்ட் பட்டனுக்குத்தான் போகும். அதற்கு முன் அரை மணி நேரம் பொறுங்கள். சேனலின் மேலே நிலையாக ஒட்டிவைத்த (பின் செய்த) செய்தியில் பேக்கப் சேனலின் லிங்க் இருக்கும். பணம் கேட்கும் யுபிஐ ஐடி இருக்கும். சேனல் நீக்கப்பட்டால் இந்தத் தடங்களும் போய்விடும். முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் உள்ள தனி லிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சேனல் பெயரை மட்டும் எழுதிய புகார்கள் திரும்பி வருகின்றன. ஒரு கோப்பையாவது இறக்கி அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற மதிப்பை, பதிவு செய்யுங்கள். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் காட்ட வேண்டியிருக்கும்.

பிறகு நீக்கும் வரிசை. சேனலில் பெரும்பாலும் லிங்க் மட்டுமே இருக்கும். கோப்பு வேறொரு கிளவுட் டிரைவில் கிடக்கும். முதலில் அந்த டிரைவுக்குப் புகார் கொடுங்கள். ஒரு மூலக் கோப்பு போனால் அதைக் காட்டும் பத்து சேனல்களும் வெறுமையாகும். அடுத்து சேனல், கடைசியாகக் கூகுள் தேடல். கூகுளுக்கு அனுப்பும் நோட்டீஸ் லூமன் என்ற பொதுத் தளத்தில் அனுப்பியவர் பெயரோடு வெளியாகக்கூடும். வேறு சில நிறுவனங்கள் புகாரை, நீங்கள் யார் மீது புகார் கொடுத்தீர்களோ அவருக்கே அனுப்பிவிடும். அதனால் புகாரில் வீட்டு முகவரியைப் போடாதீர்கள்.

இந்தியச் சட்டத்தில் பலர் தவறவிடும் ஒரு இடம், பதிப்புரிமை விதிகள் 2013-இன் 75ஆம் விதி. முறையான புகார் கிடைத்தால், கோப்பை வைத்திருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அது 21 நாளுக்குத்தான். அதற்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால் கோப்பைத் திரும்ப வைக்கலாம். அதே இடத்தில் அதே மீறலுக்கு நீங்கள் மறுபடி புகார் கொடுத்தால் பதில் சொல்லும் கடமையும் அவர்களுக்கு இல்லை. அரைகுறையாக எழுதி முதல் புகாரை வீணாக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பெயரில்லாத சேனல்காரரை எப்படிப் பிடிப்பது என்பதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 30 அன்று வழி காட்டியது. போட்டித் தேர்வு ஆசிரியர் நீது சிங் தொடுத்த வழக்கில், தன் சர்வர்கள் சிங்கப்பூரில் இருப்பதாக டெலிகிராம் சொன்ன வாதத்தை ஏற்காமல், சேனல் நடத்துபவர்களின் போன் எண், ஐபி முகவரி போன்ற விவரங்களை மூடிய உறையில் தரச் சொன்னது. வகுப்பெடுப்பவரின் உழைப்பும் உழைப்புதான் என்பதை அந்த உத்தரவு உறுதியாகச் சொன்னதாகவே நாங்கள் பார்க்கிறோம்.

புகார் எழுதும் முன் உங்கள் நோட்ஸையும் ஒருமுறை புரட்டுங்கள். பழைய வினாத்தாளும், சமச்சீர் புத்தகத்திலிருந்து எடுத்த பக்கங்களும் உங்களுடையவை அல்ல. உங்கள் விளக்கம், உங்கள் வரைபடம், உங்கள் பதிவு ஆகியவற்றுக்கு மட்டும் உரிமை கோருங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு உங்கள் மீதே வழக்குப் போடலாம். கோர்ஸை விமர்சித்து ஒருவர் போட்ட வீடியோவை நீக்கச் சொல்லி வரும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

குறியீட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் மிகவும் நிதானம் வேண்டும். ஐபி முகவரியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபி பலருக்கும் போகும். தென்காசியில் இருப்பவர் சென்னையில் இருப்பதாகக் காட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் படிப்பது வீட்டுக்கு வீடு நடப்பது. முதலில் கணக்கை நிறுத்துங்கள், போனில் கூப்பிட்டுக் கேளுங்கள், பாஸ்வேர்டை மாற்றித் திறந்து கொடுங்கள். அதே கணக்கிலிருந்து இரண்டாம் முறை கசிந்தால் சேர்க்கையை ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பணம் கட்டும் பக்கத்திலேயே, கட்டுவதற்கு முன் படிக்கும்படி, தமிழில் இருந்திருக்க வேண்டும்.