அந்த ஒரு மணி நேரம்

மரபணுச் சோதனைக்காக, பிறந்து மூன்று நாளான குழந்தையின் உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்க்கப் போகும்போது, "இப்போதுதான் பால் கொடுத்தேன், பரவாயில்லையா?" என்று அந்தத் தாய் கேட்டார். தாய்ப்பாலில் இருக்கும் அவருடைய செல்கள் மாதிரியில் கலந்துவிட்டால் முடிவு குழம்பிப்போகும் என்பதால், ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "ஊசி கிடையாதுதானே?" என்றார். "பஞ்சைத் தேய்ப்பதுதான் அம்மா, ஒன்றுமே இல்லை" என்றேன்.

அவர் கேட்டது வலியைப் பற்றி. நான் பதில் சொன்னதும் வலியைப் பற்றித்தான். பொருள் தெளிவாகாத மரபணு மாற்றங்களும் தெரியவரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தது, அவரும் கையெழுத்திட்டிருந்தார். ஆனால், அந்த வரியை விரல் வைத்துக் காட்டவும் விளக்கவும் எனக்கு ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைத்திருந்தது. மாதிரியில் கலப்பு நேரக் கூடாது என்பதற்காகக் காத்திருந்த நான், அந்த நேரத்தில் குழந்தையின் எடையையும் உறக்கத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குரிய மரபணுவின் இரு பிரதிகளிலும் மாற்றம் இருந்தது; இரண்டுமே நோய் தருபவையாக இருந்தால்தான் நோய் வரும்; தந்தை வழி வந்தது நோய் தருவதென்று உறுதியானது, தாய் வழி வந்தது இன்னதென்று உறுதியாகாதது. 1989-இல் கண்டறியப்பட்ட அந்த மரபணுவில் இதுவரை 2000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருந்தாலும், அவற்றுள் பலவற்றின் விளைவு இன்னும் தெளிவாகவில்லை. வியர்வையின் உப்பை அளக்கும் சோதனையில் குளோரைடு லிட்டருக்கு 19 மில்லிமோல். 30-க்குக் கீழே இருந்தால் நோய்க்கு வாய்ப்புக் குறைவு, 60-ஐ எட்டினால்தான் நோய் என்று கொள்வது வழக்கம். ஆகவே குழந்தைக்கு நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது; ஒருபோதும் வராது என்றும் சொல்ல முடியாது. இதை விளக்கும் போக்கில், இந்நோய் உள்ள குழந்தைகளின் தோல் உப்புக் கரிக்கும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அவர் சோதனையே வேண்டாம் என்றிருக்கலாம். நோய் உண்மையிலேயே இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் கெடுவதற்கு முன்பே, எடை குறைவதற்கு முன்பே சிகிச்சை தொடங்குவதன் பயனை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்; அந்த வாய்ப்பை எந்தத் தாயும் அச்சத்தால் இழந்துவிடக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். அப்படியானால், நான் சொல்லாமல் விட்டது மறதியினாலா, அவருக்குப் பதிலாக நானே முடிவெடுத்ததனாலா? ஒரு நாள் மறதி என்று படுகிறது. மறுநாள் அப்படிப் படுவதில்லை.

மறுபரிசோதனைக்கு வந்தபோது குழந்தை நன்றாக எடை கூடியிருந்தது, மூச்சும் சீராக இருந்தது. அதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். பிறகு குனிந்து, குழந்தையின் நெற்றியில் முத்தமிடுவதுபோல் நாக்கின் நுனியை வைத்து எடுத்தார். "தினமும் காலையில் பார்த்துவிடுவேன், மேடம். இன்றைக்கும் கரிக்கவில்லை" என்றார்.