‘கொ’வில் எதை அழிப்பது?

பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் எவ்வளவு அழிய வேண்டும்? தமிழ் விசைப்பலகை செய்கிற குழுவில் இந்தச் சண்டை வராமல் இருக்காது. எங்கள் சண்டையில் ஜெயித்தது நான்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுனிகோடில் ‘கொ’ இரண்டு குறியீடுகள்: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. பேக்ஸ்பேஸ் தட்டினால் கடைசிக் குறியீடு மட்டும் போகும், க நிற்கும். அப்படியே இருக்கட்டும் என்றேன். நாம் அடிக்கடி திருத்துவது குறில் நெடிலைத்தானே? கொ, கோ ஆக வேண்டுமா, குறியை அழித்துவிட்டு ஓ-வைத் தட்டினால் முடிந்தது. முழு எழுத்தும் போனால் க-வை மறுபடி தேட வேண்டும். போனில் அது லேசான வேலை இல்லை. 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பு, உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பிரித்துக் கொடுத்தது மேசைக் கணினிக்காக. இங்கே வேலை செய்வது ஒற்றைக் கட்டைவிரல். 12 உயிர், 18 மெய், ஆய்தம், புள்ளி எல்லாவற்றையும் மூன்று வரிசையில் அடைத்தால் ஒரு விசைக்கு 6 மி.மீ. அகலம் தேறினால் பெரிது. விரலால் தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி கேட்பதோ சுமார் 9 மி.மீ. ஒரு தட்டு குறைந்தால், தப்பாகத் தட்ட ஒரு வாய்ப்பும் குறைகிறது. இதெல்லாம் இன்றும் சரி என்றே நினைக்கிறேன்.

சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒரு டீச்சர், தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘கொ’ அடித்துவிட்டு அழித்தார். இடப்பக்கக் கொம்பும் வலப்பக்கக் காலும் ஒரே நேரத்தில் மறைந்தன. நடுவில் இருந்த க, கொம்பு இருந்த இடத்துக்கு நகர்ந்தது.

“க ஏன் தம்பி நகருது? அதை நான் தொடவே இல்லையே?”

“உள்ளே அது ரெண்டு எழுத்தா இருக்கு டீச்சர். ஒண்ணுதான் அழிஞ்சிருக்கு.”

“உள்ளே எப்படியோ இருக்கட்டும். பிள்ளைங்களுக்கு நான் இதை ஒரு எழுத்துன்னுதானே சொல்லிக் கொடுத்தேன்?”

சிரித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை நீட்டினேன். குறில் நெடில் காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா? ஒருவேளை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது தட்டுகளின் கணக்கை அல்ல. 247-ல் ஒன்றான உயிர்மெய் எப்படிப் பாதியாகும் என்பதுதான் அவர் கேள்வி. இலக்கணம் அவர் பக்கம். தட்டெழுதிப் பழகிய டிடிபிக்காரர்கள் என் பக்கம், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பழகியவர்களுக்காகச் செய்தேனா, எல்லோருக்கும் என்றா செய்தேன்? திட்டத் தாளில் எல்லோருக்கும் என்றுதான் எழுதியிருந்தோம்.

இதில் என் வாதத்தையே இடிக்கிற இன்னொன்றும் உண்டு. ‘ஸ்ரீ’ உள்ளே நான்கு குறியீடுகள். என் விதிப்படி அதை அழிக்க நான்கு தட்டு. பார்க்கவே அசிங்கமாக இருந்தது, அதனால் ஒரே தட்டில் போகும்படி விலக்குக் கொடுத்தேன். “அங்கே மட்டும் கண் சொல்றதக் கேப்பீங்க, கொ-வுக்குக் கேக்க மாட்டீங்களா?” என்று குழுவில் ஒருவர் மடக்கினார். ஸ்ரீ-யில் பாதி யாருக்கும் தேவைப்படாது என்றேன். டீச்சருக்கு க தேவைப்பட்டதா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அமைப்புகளில் ஒரு தெரிவாக வைத்துவிடலாம் என்கிறார் அவர். எந்த டீச்சர் உள்ளே போய் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்? அதனால் இப்போதைக்குப் பாதிதான் அழிகிறது. மறுபடி கை தூக்கச் சொன்னாலும் அதற்குத்தான் தூக்குவேன். ஸ்ரீ-க்கு மட்டும் என்னிடம் விளக்கம் கேட்கக்கூடாது.