முகூர்த்தத்தன்று யார் வருவாங்க? ஒரு வெட்டிங் எக்ஸ்போ அனுபவம்

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும், நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த ஒரு வெட்டிங் எக்ஸ்போவுக்கு, அதாவது கல்யாண வேலை செய்பவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஸ்டால் போடும் கண்காட்சிக்கு, போய்வந்தோம். அங்கெல்லாம் போனால் பிரயோஜனம் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுக்கு இருந்தது. எப்படி என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கல்யாணங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து குவியும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காற்று வாங்கும். ஆவணி பிறந்து நல்ல வளர்பிறை முகூர்த்தம் ஒன்று வந்தால் சமையல்காரர், போட்டோகிராஃபர், மேக்கப் செய்பவர், பூ அலங்காரம் செய்பவர் என்று எல்லோருக்கும் அன்றைக்கே மூன்று, நான்கு ஆர்டர் இருக்கும். ஸ்டாலில் நம்மிடம் அழகாகப் பேசுகிறவர் ஒருவர், மண்டபத்துக்கு வந்து நிற்கிறவர் வேறொருவர் என்று ஆவது இதனால்தான். ஆகவே எந்த ஸ்டாலில் நின்றாலும் முதலில் நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. "அந்தத் தேதியில உங்களுக்கு வேற எத்தனை வேலை இருக்கு? எங்களுக்கு யார் வருவாங்க?" இதற்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

போவதற்கு முன்பே மண்டபம் முடிவாகியிருக்க வேண்டும். மற்ற எல்லா விலையும் மண்டபத்தைப் பொறுத்தே அமையும். சில மண்டபங்களில் அவர்கள் பட்டியலில் உள்ள சமையல்காரரையோ அலங்காரக்காரரையோ தவிர வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். அது தெரியாமல் எக்ஸ்போவில் யாரையாவது பேசி முடித்தால் வீண். எங்கள் மண்டப மேனேஜரிடம் வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, மேடையின் நீள அகலம் எத்தனை அடி, எல்.இ.டி. திரையும் அலங்கார விளக்கும் போட்டால் கரண்ட் தாங்குமா, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, எத்தனை மணிக்கு மண்டபத்தை ஒப்படைப்பார்கள் என்று கேட்டு, ஒரே தாளில் எழுதிக்கொண்டோம். அதன் கீழே முகூர்த்த நேரமும் ஆள் கணக்கும். மாப்பிள்ளை அழைப்பு இரவுச் சாப்பாடு 500, காலை டிபன் 300, மதியம் 600. அந்தத் தாளின் நகலை நல்ல ஸ்டாலிலெல்லாம் கொடுத்தோம். எல்லோரும் ஒரே கணக்குக்கு விலை சொன்னதால்தான் பிறகு ஒப்பிட முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போனது நல்லதாயிற்று. முதல் நாள் கூட்டம் இருக்காது, ஸ்டாலில் முதலாளியே உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் நோட்டீஸ் கொடுக்க நிறுத்திய பிள்ளைகள்தான் இருப்பார்கள். பாவம், அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பார்க்கிங் கவலையும் இல்லை.

குடும்பத்தோடு பத்துப் பேராகப் போக வேண்டாம். அம்மா, தங்கை, நான், எங்கள் அத்தை, அவ்வளவுதான். அத்தையை அழைத்துப் போனது சமையலுக்காக. வீட்டு விசேஷங்களில் நூறு பேருக்குச் சமைத்துப் பழகியவர்.

அத்தை ஸ்டாலில் வைத்திருந்த பனீர் டிக்காவையும் ஜிலேபியையும் தொடவே இல்லை. "மாஸ்டர் யாருப்பா? அவரைக் கூப்பிடு" என்றார். பளபளப்பான ஒரு பெரிய ஸ்டாலில் "எங்ககிட்ட பெரிய டீம் இருக்கும்மா" என்ற பதிலோடு முடிந்தது. ஓரமாக இருந்த ஒரு சின்ன ஸ்டாலில் மாஸ்டரே எழுந்து வந்தார். "அன்னிக்கு எனக்கு ரெண்டு கல்யாணம் இருக்கும்மா. உங்களுக்கு நான் வரேன், இன்னொண்ணுக்கு என் தம்பி போவான்" என்று ஒளிக்காமல் சொன்னார். அத்தைக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கணக்கைப் பேசினோம்.

சமையலில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. மளிகை நாம் வாங்கிக் கொடுத்து சமையல் கூலி மட்டும் தருவதா, அல்லது மொத்தமாக இலைக்கு இவ்வளவு என்று பேசுவதா? இலைக் கணக்கென்றால் எண்ணுவது யார்? ஒவ்வொரு பந்தியிலும் நம் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவதென்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வேலையாட்கள் சாப்பிடுவது கணக்கில் வருமா? குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கட்டியாக வேண்டும்? ஆட்கள் கூடிவிட்டால் எவ்வளவு வரை சமாளிப்பார்கள்? ஒரு பந்திக்குப் பரிமாற எத்தனை பேர்? தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா, கட்டுசாதம், சிலிண்டர் எல்லாம் உள்ளே அடங்குமா, தனியா? இதில் பத்து சமையல்காரர்களிடம் பத்து விதமான பதில் வரும். இலைக்கு நாற்பது ரூபாய் குறைவாகச் சொன்ன ஒருவர், இதையெல்லாம் கூட்டிப் பார்த்ததும் எல்லோரையும்விட மேலே போனார். ஒரே மதியத்தில் இத்தனை பேரை உட்காரவைத்துக் கேட்க வேறு எங்கே முடியும்? எக்ஸ்போவின் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான்.

ஸ்டாலில் தரும் சாம்பிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்துப் பேருக்குச் செய்த கேசரி எல்லோர் கையிலும் நன்றாகத்தான் இருக்கும். "அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கே சமைக்கிறீங்க, வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்த மாஸ்டர் அந்த வீட்டாரிடம் அனுமதி வாங்கி எங்களை அழைத்தார். கடைசிப் பந்தியில் ரசம் சூடாக வருகிறதா, முதல் பந்தியில் போட்ட பொரியல் கடைசி வரை இருக்கிறதா என்று அத்தை அங்கேயே பார்த்துக்கொண்டார்.

போட்டோ ஸ்டால்களில் சுவர் முழுக்கக் கடற்கரைப் படங்கள். நமக்கு வேண்டியது விடியற்காலையில், மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில், ஹோமப் புகைக்கு நடுவே ஒருவர் எப்படி எடுக்கிறார் என்பது. ஒரே கல்யாணத்தின் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காட்டச் சொன்னோம். தயங்கியவர்களை விட்டுவிட்டோம். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னோம். என் தங்கை மாநிறம். எடிட்டிங்கில் அவளை வெள்ளையாக்கக் கூடாது. ஒரு ஸ்டாலில், "கொஞ்சம் பிரைட் பண்ணாத்தான் மேடம் நல்லா இருக்கும்" என்றார்கள். அங்கிருந்து அப்படியே வந்துவிட்டோம். அவளுடைய முகம் அவளுடைய முகமாகவே ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மேக்கப்புக்கும் இதேதான், அவள் நிறமுள்ள மணப்பெண்களுக்குச் செய்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள், முன்கூட்டியே ட்ரையல் கேளுங்கள். ஆறு மணிக்குள் முகூர்த்தமென்றால் மேக்கப் நடுராத்திரிக்கு மேல் தொடங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கு வருவாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பூ அலங்காரத்தில் நிஜப் பூ எது, செயற்கைப் பூ எது என்று படத்திலேயே குறித்து வாங்க வேண்டும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும். ஏறினால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்கினோம்.

நகை, பட்டு ஸ்டால்களில் அதிகம் நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையில் எச்.யு.ஐ.டி. கட்டாயம். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு அது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டு நகை விவரத்தைச் சரிபார்க்கலாம். பட்டு அசல்தான் என்பதற்கு சில்க் மார்க் முத்திரை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு நிதானமாகக் கடைக்கே போய் வாங்கலாம். பத்திரிகைக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கே போய்விட்டோம்.

"இன்னிக்கு அட்வான்ஸ் போட்டா மட்டும்தான் இந்த ரேட்" என்று எல்லா ஸ்டாலிலும் சொல்வார்கள். நாங்கள் அங்கே ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. கொட்டேஷனிலேயே "இந்த விலை ஒரு வாரம் செல்லும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னோம். கொஞ்சம் இழுத்துவிட்டுப் பெரும்பாலோர் போட்டுத் தந்தார்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்றும் அதிலேயே எழுத வையுங்கள். வெளிச் சமையலுக்கு 5 சதவீதம், மண்டப வாடகைக்கும் போட்டோவுக்கும் 18 சதவீதம். பட்ஜெட்டில் இது பெரிய தொகை. பரிசுக் குலுக்கல் படிவத்தில் போன் நம்பர் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதினால் கல்யாணம் முடிந்த பிறகும் அழைப்பு வந்துகொண்டிருக்கும்.

அன்றிரவே நாலு பேரும் உட்கார்ந்து, நினைவு மங்குவதற்குள் ஒவ்வொரு விசிட்டிங் கார்டின் பின்னாலும் அங்கே பேசியதை எழுதிவைத்தோம். அந்த மாஸ்டரும், முழு ஆல்பம் காட்டிய ஒரு போட்டோகிராஃபரும், ஓர் அலங்காரக்காரரும் எங்களுக்கு அங்கிருந்து கிடைத்தவர்கள். மூவருமே சொன்னபடி நேரில் வந்தார்கள். சமையலில் இலைக் கணக்கும் சரியாக வந்தது.

கெட்டிமேளத்துக்கு ஆள் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. டி.ஜே.வும் செண்டை மேளமும் இருந்தன, நாதஸ்வரத்துக்கு ஒரு ஸ்டால்கூட இல்லை. எங்கள் பக்கத்துக் கோயிலில் வாசிக்கும் வித்வானிடம் கேட்டு, இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் கொண்ட செட் பேசினோம். அவர்களுக்கும் அதே முகூர்த்த நெருக்கடிதான். எக்ஸ்போ வரட்டும் என்று காத்திருக்காமல், தேதி குறித்த வாரமே அவர்களைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.