விளங்குதா?

பதினொரு வருடமாக நான் ஆங்கிலம் படிப்பித்தது தமிழில்தான். போன ஜனவரி வரை இது எனக்கே தெரியாது.

மாலைதீவில் ஒரு சின்னத் தீவு, அங்கே ஒரு பாடசாலை, ஆங்கில ஆசிரியை வேலை. நேர்முகத் தேர்வு கணினித் திரையில் நடந்தது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறைத்து, இஸ்திரி போட்ட சேலையோடு உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். “நாங்கள்தான் தரம் 7 பிள்ளைகள். பதினைந்து நிமிடம் பாடம் நடத்துங்கள்” என்றார்கள். ஒப்பீட்டுச் சொற்கள் நடத்தினேன். பெரிய கோப்பை, சின்னக் கோப்பை, அதைவிடச் சின்னது என்று மேசையில் அடுக்கிவைத்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியது. எழும்பி யன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் வாய் தன்பாட்டில் கேட்டது: “விளங்குதா?”

மூவரும் விழித்தார்கள். நான் இன்னும் சத்தமாக, இன்னும் அன்பாகக் கேட்டேன்: “விளங்குதா பிள்ளையள்?”

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் நியமனக் கடிதத்தோடு ஒரு வரியும் வந்தது: உங்களுக்கும் உங்கள் மாணவருக்கும் பொது மொழி எதுவும் இருக்காது, அதற்கு ஆயத்தமாக வரவும்.

முதலில் நான் ஆசைப்பட்டது தென்கொரியாவுக்கு. அங்கே ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்களுக்குத் தரும் ஈ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. என் ஆங்கிலம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கமுன் என் கடவுச்சீட்டு பேசி முடித்துவிட்டது. மாலைதீவில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள், இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2022இல் இலங்கை டொலருக்குத் தவித்தபோது அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்ததே, அப்போது என்னோடு படிப்பித்த இருவர் போனார்கள். நான் அன்றைக்குத் துணியவில்லை.

பொது மொழி இருக்காது என்ற அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. அப்போதுதான் அப்பப்பாவின் ஞாபகம் வந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவர் டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருக்கு ஆங்கிலத்தை யாரும் தமிழில் விளங்கப்படுத்தவில்லை. ‘ஸ்பானர்’ என்று வெள்ளைக்காரன் கத்துவான், இவர் சுத்தியலைக் கொடுப்பார், அவன் இன்னும் கத்துவான். மூன்றாம் தரம் ஸ்பானர் போய்ச் சேரும். இறந்தகாலம் எது, நிகழ்காலம் எது என்று அவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் பேசினால் பிழை இராது. இடையிடையே கடற்படைக்காரரின் கெட்ட வார்த்தைகளும் பிசகில்லாமல் வரும்.

எங்கள் விறாந்தையில் பின்னேரம் டியூஷனுக்கு வருகிற தரம் 9 பிள்ளைகள் பதினான்கு பேர். ஒரு கிழமைக்குத் தமிழே பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அது என் பிழை. முதல் நாள் செத்தவீடு மாதிரி இருந்தது. ஒரு பிள்ளை என் அம்மாவிடம் போய், “மிஸ்ஸுக்குச் சுகமில்லையா?” என்று கேட்டிருக்கிறது.

இரண்டாம் நாள் ‘யூஸ்ட் டு’ எடுத்தேன். தமிழில் என்றால் மூன்று விநாடி: முந்திச் செய்தது, இப்ப செய்யாதது. அடுத்த பயிற்சிக்குப் போய்விடலாம். அன்றைக்குப் பலகையில் படம் போட்டேன். ஆறு மாதிரி இரண்டு கோடு, நடுவே ஒரு தட்டையான பெட்டி, அதன்மேல் ஒரு பஸ், சுற்றிவர ஆட்கள். கிண்ணியாப் பாதை: பாலம் வரமுன் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். இந்தப் பிள்ளைகள் பிறந்ததே அதற்குப் பிறகுதான் என்பது படம் போட்டு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “கப்பலா மிஸ்?” என்றான் ஒருவன். தலையாட்டி மறுத்தேன். “சுனாமியா?” இல்லை. கடைசி வாங்கில், அம்மம்மா வீடு கிண்ணியாப் பக்கம் உள்ள பிள்ளை எழும்பிக் கத்தினாள்: “பாதை! பாதை!” பக்கத்திலேயே நீளமாகப் பாலத்தை வரைந்தேன். பாதையைக் காட்டி ‘யூஸ்ட் டு’, பாலத்தைக் காட்டி ‘நவ்’. திரும்பவும் பாதை, திரும்பவும் பாலம். கை சோக்குத் தூளாகிவிட்டது. இருபத்தைந்து நிமிடம் போன பிறகு, வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தன் மெதுவாகச் சொன்னான்: “மிஸ் யூஸ்ட் டு ஸ்பீக் தமிழ். நவ் மிஸ் ஒன்லி ஷவுட்.”

நான் விறாந்தைத் தூணில் சாய்ந்து சிரித்தேன். அந்த வசனம் அவனுடைய சொந்தச் சரக்கு. நான் தமிழில் விளங்கப்படுத்தியிருந்தால் அப்பியாசக் கொப்பியில் பத்து வசனம் சரியாக எழுதியிருப்பான், ஒன்றையும் சொல்லியிருக்க மாட்டான்.

இதைச் சொன்னதும் வகுப்பிலிருந்து தமிழை விரட்ட வேண்டும் என்று யாரும் கொடி பிடித்துக்கொண்டு வர வேண்டாம். பயிற்சிப் பட்டறைகளில் அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். வெருகல் பக்கம் வீட்டில் ஆங்கிலச் சத்தமே கேளாத பிள்ளைக்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது பாவமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. எந்த இடத்தில் தமிழ் தேவை, எந்த இடத்தில் அது என் அவசரம் என்று பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கடதாசி வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக் கூட, பட்டச் சான்றிதழில் அதே எழுத்துக் குறைய. அந்த ஒற்றை எழுத்துக்காக இரவு ரயிலில் இரண்டு முறை கொழும்பு போய்வந்தேன். நேரே கோணேசரிடம் முறையிடப் போனால், கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலில் மான் ஒன்று என் கையிலிருந்த போட்டோக்கொப்பியைத் தின்றது. அது தனிக் கதை.

உண்மையான ஆயத்தம் கிண்ணியாவில் நடந்தது. என்னோடு முன்னொரு பாடசாலையில் படிப்பித்த சேர் ஒருவர் ஏழு வருடம் மாலைதீவில் இருந்துவிட்டு வந்தவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ராத்தா தேத்தண்ணி ஊற்றித் தர, சேர் கொப்பியின் பின்பக்கம், மாலைதீவு மொழியான திவேஹியை எழுதும் ‘தானா’ எழுத்துக்களைப் போட்டுக் காட்டினார். வலமிருந்து இடமாக எழுதுவது. முதல் ஒன்பது எழுத்து அரபு இலக்கங்களிலிருந்து வந்ததாம், அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய இலக்கங்களிலிருந்து. எண்ணத் தெரிந்தால் எழுதத் தெரியும் போல.

“டீச்சர், பிள்ளையள்ட திவேஹிக் கொப்பி ஒரு பக்கத்தால திறக்கும், இங்லீஷ் கொப்பி மற்றப் பக்கத்தால திறக்கும். முதல் மாசம் நீங்க எல்லாத்தையும் தலைகீழாத்தான் திருத்துவீங்க.”

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என் பாடக்குறிப்பில் பாதியைக் கிழித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு ‘ஃப’ வராது. ஃபேனைப் போடு என்றால் பேனைப் போடு என்பார்கள், வகுப்பே தலையைச் சொறிந்து சிரிக்கும். வருடா வருடம் கீழுதட்டைப் பல்லால் கடிக்கச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். திவேஹியில் கதை நேர்மாறு. சிங்களத்துக்கு உறவான மொழிதான், ஆனால் பழைய ‘ப’ எல்லாம் அங்கே ‘ஃப’ ஆகிவிட்டது. சிங்களத்தில் ஐந்து ‘பஹ’, அங்கே ‘ஃபஸ்’. தண்ணீருக்குச் சிங்களத்தில் ‘பென்’ என்றும் ஒரு சொல் உண்டு, அங்கே ‘ஃபென்’. என் உதட்டு வித்தை அந்தப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு வந்தது. அங்கே எது முட்டும் என்று போய்க் கேட்டால்தான் தெரியும்.

“கேள்வி கேக்கிறது லேசு” என்றார் சேர். “கடைசியில ஒரு ‘த’ போட்டாச் சரி. ‘ரங்களு த?’ எண்டா ‘நல்லமா?’”

“விளங்குதா மாதிரியா சேர்?”

“அந்தப் பழக்கத்த மட்டும் கொண்டு போகாதீங்க, டீச்சர்.”

வேறு எதைக் கொண்டுபோக ஏலாது என்பதையும் அவர்தான் சொன்னார். மதுவும் பன்றியும் சுங்கத்தில் தடை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வழிபடுகிற விக்கிரகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அம்மா ஏற்கெனவே சுவாமித்தட்டிலிருந்த வெண்கலப் பிள்ளையாரைப் பருத்தித் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெருவிரல் அளவுதான். எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன்.

சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. “அது அவையின்ர நாடு” என்றார். சுற்றிய துணியைப் பிரித்து, பிள்ளையாரைத் திரும்பத் தட்டில் வைத்து, திரியைத் தூண்டினார். “நல்லதாப் போச்சு. நீயும் போனாப் பிறகு இந்த வீட்டில எனக்கும் ஆராவது வேணும்தானே.”

நான் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அடியில் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று தட்டுப்பட்டது. திறந்தால் மாசி. இடித்து, சல்லடையில் சலித்து, வாய்வரை நிரப்பிய மாசிக்கருவாடு.

“அம்மா, மாசி அங்கேயிருந்துதான் இங்க வருது. கொல்லன் தெருவில ஊசி விக்கவா போறன்?”

“வரட்டுமேன்” என்றார் அம்மா. “அவைக்கு இடிக்கத் தெரியுமோ என்னவோ.”

போத்தலை எடுக்க விடவில்லை. மூடியை இன்னும் இறுக்கித் திருகி, பிள்ளையாரைச் சுற்றியிருந்த துணியாலேயே சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தார்.